"இந்தியர் என்பதால்தான்" என்று எழுதினால் யார் வருவார்கள்?

வாசகர் கேள்வி, 3 மார்ச் 2024

பாகுபாடு என்று வாயைத் திறந்தால் நம்மவர்கள் கொதிப்பார்கள், மற்றவர்கள் ஒதுங்குவார்கள், கடைசியில் உதவி மட்டும் வராது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பெற்ற அம்மாவிடம் செல்லும், பக்கத்து வீட்டுக்காரியிடம் செல்லாது. உதவி வேண்டுமென்றால் இனத்தைப் பேசாதே என்கிறேன். மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்து ஆட்கள் யாராவது சொல்லுங்கள், தவறா?

3 மார்ச் 2024, இரவு 10.40

போன மாதம் கேட்டிருந்தால் "தவறு" என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன். இப்போது முடியவில்லை.

எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதி) பக்கத்து வீட்டுப் பெண். அப்பா இல்லை. அம்மாவுக்குச் செம்பனைத் தோட்டத்தில் உரம் போடும் வேலை. பெண்ணுக்குப் பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை கிடைத்தது, திங்கட்கிழமை சேர வேண்டும். அறைக்குப் பேசி, போட்டோ பார்த்து, முன்பணமும் அனுப்பிவிட்டாள். பேங்க் ரசீதில் பெயரைப் பார்த்தபிறகு வீட்டுக்காரரிடமிருந்து செய்தி: மன்னிக்கவும், இந்தியர்களுக்கு விடுவதில்லை. பணம் அன்றைக்கே திரும்பி வந்தது. அந்த விஷயத்தில் மட்டும் நாணயம்.

அவள் அம்மா அழுதுகொண்டு என்னிடம் வந்தார். நான் செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடைக் கிராணி, வரும் லாரிகளை எடைபோட்டு எழுதுகிறவன். ஊரில் எந்த விண்ணப்பம் எழுதுவதென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். உடனே இரண்டு வாட்ஸ்அப் குழுக்களில் போட்டேன். ஒன்று எங்கள் பழைய தோட்டப் பள்ளியின் முன்னாள் மாணவர் குழு, எல்லாரும் தமிழர்கள். அங்கே நடந்ததை நடந்தபடியே, கொஞ்சம் காரமாக எழுதினேன். இன்னொன்று தாமான் குடியிருப்பாளர் குழு, மூன்று இனமும் கலந்தது. அங்கே மலாயில், "பக்கத்து வீட்டுப் பெண், பாயான் லெப்பாஸில் வேலை, திங்களுக்குள் அறை வேண்டும், யாருக்காவது தெரியுமா" என்று மட்டும்.

முதல் குழுவில் 43 பதில்கள். கோபம், சாபம், பழைய கதை, நான்கு குரல் பதிவு. பணம் அனுப்பியவர் ஒருவர். இரண்டாவது குழுவில் ஆறே பதில்கள், மறுநாள் மத்தியானம் அறை கிடைத்துவிட்டது. ஒரு மலாய் அக்காவின் தங்கை வீட்டில்.

அதனால், கேள்வி கேட்டவரே, நீங்கள் சொன்னதுதான் நடந்தது. எனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு.

4 மார்ச், காலை

திருத்தம். பணம் அனுப்பியவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் என்னிடம் சொல்லாமல் நேராக அம்மாவின் கணக்குக்கே போட்டிருக்கிறார்கள். மொத்தம் 250 வெள்ளி (ரிங்கிட்). ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறவர். 43 பதில்களில் இந்த மூன்று பேரின் பதில் ஒன்றுகூட இல்லை. திட்டியவர்கள் கொடுக்கவில்லை, கொடுத்தவர்கள் திட்டவில்லை. இதிலிருந்து ஏதாவது தத்துவம் எடுக்கலாமா என்று பார்த்தேன், வேலைக்கு நேரமாகிவிட்டது.

6 மார்ச், இரவு

மகள் பல்கலைக்கழகத்தில் மனோதத்துவம் படிக்கிறாள். இந்த இழையைப் படித்துவிட்டு போன் போட்டாள். "அப்பா, முதல் குழுவில நீங்க என்ன கேட்டீங்க?" என்றாள். எடுத்துப் பார்த்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. "பாருங்கள், இந்த நாட்டில் நம் நிலைமையை" என்று முடித்திருக்கிறேன். அறை வேண்டும் என்றோ, பணம் வேண்டும் என்றோ, திங்கட்கிழமை என்றோ ஒரு சொல்கூட இல்லை. கோபப்படச் சொல்லிக் கேட்டேன், கோபப்பட்டார்கள்.

ஆகவே என் "பரிசோதனை" செல்லாது என்பது மகளின் தீர்ப்பு. ஒன்றில் இனம் இருந்தது, கேள்வி இல்லை. மற்றதில் கேள்வி இருந்தது, இனம் இல்லை. இரண்டையும் ஒப்பிட்டால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? எடைமேடையில் லாரியைச் செம்பனைப் பழக்குலையோடு நிறுப்போம், குலையை இறக்கிவிட்டு மறுபடி நிறுப்போம். வெறும் லாரியின் எடை தெரியாமல் குலையின் எடை சொல்ல முடியாது. 22 வருஷமாக அதைத்தான் செய்கிறேன். வீட்டுக்கு வந்தால் மறந்துவிடுகிறது.

9 மார்ச்

மகள் சொன்ன இன்னொன்று, கால்பந்து ரசிகர்களுக்காக. இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு, 2005-இல் வெளியானது. மான்செஸ்டர் யுனைட்டெட் ரசிகர்களை வரவழைத்து, தங்கள் அணியைப் பற்றி எழுதச் சொல்லிவிட்டு, இன்னொரு கட்டடத்துக்கு நடந்துபோகச் சொன்னார்கள். வழியில் ஒருவன் ஓடிவந்து தடுக்கி விழுந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கத்துகிறான். நடிப்புதான். யுனைட்டெட் சட்டை போட்டிருந்தால் ஏறக்குறைய எல்லாரும் நின்று உதவினார்கள். லிவர்பூல் சட்டை என்றால் பெரும்பாலோர் தாண்டிப் போய்விட்டார்கள். சாதாரணச் சட்டைக்கும் அதே கதிதான்.

இரண்டாவது தடவை ஒன்றை மட்டும் மாற்றினார்கள். "யுனைட்டெட் ரசிகர்" என்று பேசாமல் "கால்பந்து ரசிகர்" என்று பேசவைத்துவிட்டு அனுப்பினார்கள். இப்போது லிவர்பூல் சட்டைக்காரனுக்கும் உதவி கிடைத்தது. சாதாரணச் சட்டைக்காரன்தான் பாவம், கால்பந்தே பார்க்காதவன்.

நான் லிவர்பூல். எங்கள் ஒட்டுக்கடையில், அதாவது தேநீர்க் கடையில், முக்கால்வாசிப் பேர் யுனைட்டெட். இதைச் சொன்னதும் ஒருவர், "நீ விழுந்தா முதல்ல நீ எந்த டீம்னு கேட்டுட்டுத்தான் தூக்குவோம்" என்றார்.

சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். "நம்மவர்" என்பது உடம்போடு ஒட்டியது என்றுதான் நான் நினைத்திருந்தேன், தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது மாதிரி. அந்த ஆய்வில் தசை எது என்பதே போகும் வழியில் மாறியிருக்கிறது. நான் தாமான் குழுவில் எழுதியபோது அவளைப் "பக்கத்து வீட்டுப் பெண்" ஆக்கினேன். முன்னாள் மாணவர் குழுவில் "இந்தியப் பெண்" ஆக்கினேன். இரண்டும் உண்மைதான்.

10 மார்ச், மத்தியானம்

ஒட்டுக்கடையில் ஒரு சின்ன விசாரணை நடத்தினேன். மேசையில் ஏழு பேர். "இந்தியர்களுக்கு இந்த நாட்டில் பாகுபாடு இருக்கிறதா?" ஏழு பேரும், இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷன் படிப்பின் இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். 2019-இல் இடங்களை 25,000-இலிருந்து 40,000-ஆகக் கூட்டியபோதும் மலாய்க்காரர், பூர்வகுடியினருக்கு 90, மற்ற எல்லாருக்கும் 10 விழுக்காடு என்ற பங்கீடு அப்படியே இருந்ததை ஒருவர் விரல்விட்டுச் சொன்னார். சரி, "உங்களுக்கு நடந்திருக்கிறதா?" அமைதி. ஐந்து பேர், எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஒருவர் "ஞாபகம் இல்லை". ஒருவர் மட்டும் ஆமாம் என்றார், ஆனால் என்ன என்று சொல்லவில்லை.

மகளிடம் சொன்னால், இது பழைய கண்டுபிடிப்பு என்கிறாள். 1990-இல் மொண்ட்ரியலில் குடியேறிய ஹெய்ட்டி, இந்தியப் பெண்களிடம் கேட்டபோது இதையேதான் சொன்னார்களாம். என் கூட்டத்துக்கு நிறைய நடக்கிறது, எனக்குக் குறைவு. எல்லாருக்கும் குறைவு என்றால் கூட்டத்துக்கு எப்படி நிறைய வந்தது?

என் ஊகம்: "எனக்கு நடந்தது" என்று சொன்னால் அடுத்த கேள்வி "நீ என்ன செய்தாய்" என்று வரும். கூட்டத்துக்கு நடந்தது என்றால் அந்தக் கேள்வி வராது. ஆமாம் என்று சொன்னவரைத் தனியாகப் பார்த்தால் கேட்க வேண்டும்.

12 மார்ச்

ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "2021-இல் வெள்ளைக்கொடி ஏற்றியபோது யார் என்ன இனம் என்று பார்த்தோமா?" பார்க்கவில்லைதான். ஜூன் கடைசி, ஜூலை. நடமாட்டக் கட்டுப்பாடு. சாப்பாட்டுக்கு இல்லாதவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைத் துணி கட்டினால் போதும், அக்கம்பக்கத்தார் அரிசி, முட்டை, மைலோ என்று கொண்டுவந்து வைத்தார்கள். எங்கள் வரிசையில் மூன்று கொடிகள். ஒன்று சீன ஆட்டோ மெக்கானிக் வீடு. ஒன்று தலையணை உறை, பூப்போட்டது, வெள்ளையே இல்லை. அதற்கும் அரிசி வந்தது.

ஆனால் அதை இதற்கு உதாரணமாகச் சொல்லாதீர்கள். வெள்ளைக்கொடி யாரையும் குற்றம் சொல்லவில்லை. கிருமிக்கு இனம் இல்லை. "இந்தியர் என்பதால் அறை இல்லை" என்று எழுதினால் அதில் ஒரு வீட்டுக்காரர் இருக்கிறார், அவருக்கு ஓர் இனம் இருக்கிறது, படிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்த இனமாக இருப்பார்கள். பசியைச் சொல்வது ஒன்று. பசிக்குக் காரணமானவனைக் காட்டிக்கொண்டே சோறு கேட்பது இன்னொன்று.

17 மார்ச்

நோன்பு மாதம். பசார் ரமடானில் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர் ஒருவரைப் பார்த்தேன். எங்கள் தாமான் குழுத் தலைவர், எல்லாருக்கும் அவர் சிக்கு, ஆசிரியரை அழைக்கும் மலாய்ச் சொல். அறை கிடைத்த கதை அவருக்குத் தெரியும், கிடைக்காத கதை தெரியாது. மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மலாயில் சொன்னார், தமிழில் எழுதுகிறேன்: "நீ குழுவில் அப்படி எழுதியிருந்தால் நான் முதலில் 'எல்லாரும் அப்படி இல்லை' என்று பதில் எழுதியிருப்பேன். அறை தேடியிருக்க மாட்டேன். என்னைக் காப்பாற்றிக்கொள்வதில் நேரம் போயிருக்கும்."

இவ்வளவு நேர்மையாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. அவர் அந்த வீட்டுக்காரர் இல்லை, அந்த வீட்டுக்காரரின் இனமும் இல்லை. அப்படியும் குற்றச்சாட்டு தன்மேல் விழும் என்று அவருக்குத் தோன்றுகிறது. குனாஃபா அது இது என்று என்னவெல்லாமோ விற்கிறார்கள் இப்போது. நாங்கள் இரண்டு பேரும் பழைய ஆப்பம் பாலிக் வாங்கிக்கொண்டு பிரிந்தோம், அவர் பொட்டலத்தைக் கட்டியபடியே எடுத்துப் போனார்.

18 மார்ச்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, மறைத்ததுதான் சரி" என்று நான்கு பேர் எழுதிவிட்டீர்கள். பொறுங்கள். இன்று ஹார்ட்வேர் கடைத் தவுக்கேயிடம், அதாவது சீன முதலாளியிடம், அதே கதையைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது, என் மேல். "ஏன் அன்றைக்கே சொல்லவில்லை? பினாங்கில் என் மச்சானுக்கு எட்டு வீடு வாடகையில் இருக்கிறது. அவனும் இப்படித்தான் செய்கிறான் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அவனைத் திட்டி, ஒன்றைத் திறக்க வைத்திருப்பேன்."

செய்திருப்பாரோ என்னவோ. ஆனால் அவரிடம் அதைச் செய்யும் வாய்ப்பை நான் கொடுக்கவில்லை. எனக்கு அறை கிடைத்தது. எட்டு வீட்டுக்காரர் இன்றைக்கும் நிம்மதியாக இருக்கிறார்.

20 மார்ச்

வீட்டுக்காரர் செய்ததற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டவருக்கு. கூட்டரசு அரசியலமைப்பின் 8வது விதி சமத்துவம் பேசுகிறது, இனம், சமயம், வம்சம், பிறந்த இடம் என்று பட்டியலும் போடுகிறது. 2001-இல் பால் என்பதையும் சேர்த்தார்கள். ஆனால் அது அரசுக்கும் பொது அதிகாரிகளுக்கும்தான் கடிவாளம், தனியார் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தைத் தொடாது என்று 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு விமானப் பணிப்பெண் வழக்கில் சொல்லிவிட்டது. வாடகைக்கு விடுவது தனியார் ஒப்பந்தம். ஆக, எட்டாவது விதி அங்கே எட்டாது. வேலை விஷயத்தில் கொஞ்சம் பரவாயில்லை. வேலை நியமனச் சட்டத்தின் திருத்தம் 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்தபிறகு, வேலையிடத்துப் பாகுபாடு பற்றிய சச்சரவைத் தொழிலாளர் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவிடலாம்.

24 மார்ச், ஞாயிறு

பெண் வாரக்கடைசிக்கு வந்திருந்தாள். இந்த இழையை யாரோ அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பெயர் போடவில்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன். ஊரில் பெயரா வேண்டும்?

வாசலில் நின்றுகொண்டே பேசினாள். "மாமா, எனக்கு ரூம்தான் வேணும்னு அம்மா உங்ககிட்ட வந்தாங்க. நீங்க ஒரு குரூப்ல என்னை இந்தியர்களோட நிலைமை ஆக்கிட்டீங்க. இன்னொரு குரூப்ல நடந்ததே நடக்காத மாதிரி எழுதிட்டீங்க. ரெண்டுலயும் என் கதையை நீங்கதான் எழுதினீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. மூன்று வாரமாக இங்கே உட்கார்ந்து எது வேலை செய்யும், எது செய்யாது என்று ஆராய்ச்சி செய்கிறேன், அவளை ஒரு லாரி மாதிரி ஏற்றி இறக்கி. நீ என்ன எழுதச் சொல்லியிருப்பாய் என்று கேட்டேன். "அந்த ஆளோட மெசேஜை அப்படியே ஸ்கிரீன்ஷாட் போட்டு, கீழ 'திங்கட்கிழமைக்குள்ள ரூம் வேணும்'னு எழுதியிருப்பேன்" என்றாள். "ரெண்டு குரூப்லயும்."

எனக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு 20 வயது.

திருத்தம் இன்னொன்றும் அவள் சொல்லித்தான் தெரியும். முன்னாள் மாணவர் குழுவில் முதல் ஆளாகக் கொதித்த லாரி டிரைவர், "சும்மா திட்டினவர்கள்" என்று நான் இங்கே கிண்டல் செய்த கூட்டத்தில் ஒருவர், அவளுடைய சாமான்களைப் பாயான் லெப்பாஸ் வரைக்கும் இலவசமாகக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். டோல் காசுகூட வாங்கவில்லை. 4ஆம் தேதி நான் எழுதிய "திட்டியவர்கள் கொடுக்கவில்லை" என்ற வரியை அடித்துவிடுங்கள். எனக்கு அழிக்கத் தெரியவில்லை.

31 மார்ச்

கொஞ்சம் பின்னால் போகிறேன். 2007 நவம்பர் 25, கோலாலம்பூர், இந்தியர் உரிமை கேட்ட இண்ட்ராஃப் பேரணி. நான் போயிருந்தேன், மனைவியிடம் ஈப்போவுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு. கண்ணீர்ப்புகை, தண்ணீர் பீய்ச்சல். யாரோ ஒரு பெண்மணி என் முகத்தைத் தன் சேலைத் தலைப்பை நனைத்துத் துடைத்தார். யார், எந்த ஊர் என்று இன்றுவரை தெரியாது. அன்றைக்கு முன்னால் நான் என்னைத் தோட்டத்துப் பையன் என்றுதான் நினைத்திருந்தேன். யாழ்ப்பாணத்துக் கிராணி குடும்பம், மலையாளி ஸ்டோர் கிராணி, தெலுங்குக்காரர், எல்லாரும் எனக்கு வேறு ஆட்கள். கிராணிகளின் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் லயத்துக்காரனை, வரிசை வீட்டுத் தொழிலாளியை, வீட்டுக்குள் விட்டதில்லை. புகையில் இருமியபோது எல்லாரும் ஒரே ஆள் ஆகிவிட்டோம்.

ஒதுக்கப்படுகிறோம் என்ற உணர்வு கூட்டத்தோடு ஒட்டவைக்கிறது, அந்த ஒட்டுதல்தான் காயத்துக்கு மருந்தாகவும் ஆகிறது என்று 1999-இலேயே அமெரிக்கக் கறுப்பினத்தவரை வைத்து எழுதியிருக்கிறார்களாம். எனக்கு ஆய்வு தேவையில்லை, சேலைத் தலைப்பு போதும்.

ஆனால் அடுத்து நடந்ததையும் பாருங்கள். 2008 மார்ச் 8. 1974 முதல் சுங்கை சிப்புட்டை வைத்திருந்த ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சாமிவேலு தோற்றார். ஜெயித்தவர் டாக்டர் ஜெயக்குமார், சோசலிசக் கட்சிக்காரர், எதிர்க்கட்சியான கெஅடிலானின் சின்னத்தில் நின்றார். அவர் இனம் பேசுகிறவர் இல்லை. தொழிலாளி, நிலம், சம்பளம் என்று பேசுகிறவர். இனமாகக் கோபப்பட்ட ஊர், வர்க்கம் பேசுகிறவருக்கு ஓட்டுப் போட்டது. என் மச்சானிடம் கேட்டால் "சாமிவேலு மேல கோவம், அவ்வளவுதான்" என்பார். இருக்கலாம்.

இன்னும் பின்னால் போனால் ம.இ.கா.வின் பழைய தலைவர் துன் சம்பந்தன், இதே ஊர்க்காரர். வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம், லயத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வெளியே நின்றது. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளியிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள். என் தாத்தாவின் பங்குப் பத்திரம் வீட்டில் இருந்தது, கரையான் பாதி தின்றது. தாத்தா சொல்வார்: "அவரு அழச் சொல்லலடா, பத்து வெள்ளி கேட்டாரு."

இந்த வரியை நான் பலமுறை மேடையில் சொல்லிக் கைத்தட்டு வாங்கியிருக்கிறேன். மார்ச் 6 அன்று மகள் கேட்டபோது மட்டும் ஞாபகம் வரவில்லை.

13 ஏப்ரல்

ராயா, அதாவது நோன்புப் பெருநாள், முடிந்தது. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் ஆலைக்குக் குலை அனுப்பும் தோட்டம் ஒன்றில் வங்காளதேசத் தொழிலாளி. குலை வெட்டுகிறவர். டன்னுக்கு இவ்வளவு என்று சம்பளம். வெட்டிய குலையின் காம்பில் அவரவர் எண்ணை எழுதி வைப்பார்கள், மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், எண்ணிப் பதிவார். மார்ச் மாதச் சம்பளத்தில் தன் குலைகள் நிறைய வேறு ஆளின் கணக்கில் ஏறிவிட்டன என்று அவர் சொன்னார். "நான் பங்ளா என்பதால் செய்கிறான், கேட்க ஆளில்லை என்று தெரியும்." எடைமேடைக்கு வந்து என்னிடம் உடைந்த மலாயில் சொன்னது இது.

மண்டோர் தமிழர். என் மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன்.

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், மறைத்துப் பயனில்லை. "எல்லாத்துக்கும் இனத்தைச் சொல்லாதே. கணக்கில் தவறு இருக்கும். நீ எண்ணைச் சரியாக எழுதினாயா?"

அவர் போனபிறகு தேநீர் குடித்தேன். பாதி குடிக்கும்போதுதான் காதில் விழுந்தது, நான் என்ன சொன்னேன் என்று. சிக்கு சொன்னாரே, என்னைக் காப்பாற்றிக்கொள்வதில் நேரம் போயிருக்கும் என்று. எனக்கு நேரம்கூடத் தேவைப்படவில்லை.

14 ஏப்ரல்

மகளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை, அதுதான் கஷ்டம். 2001-இல் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வைச் சொன்னாள். ஒரு கறுப்பின மாணவனின் விடைத்தாள் தோல்வி. படிக்கிற கல்லூரி மாணவர்களில் சிலருக்கு, திருத்தியவர்கள் பாகுபாடு காட்டியது நிச்சயம் என்றே தெரியும்படி சொல்லியிருந்தார்கள். அப்படியும், "பாகுபாடுதான் காரணம்" என்று அந்த மாணவன் சொன்னால் அவனைப் புலம்புகிறவன் என்றே மதிப்பிட்டார்கள். "நான் சரியாக எழுதவில்லை" என்று சொன்னால் நல்ல பையன்.

எனக்கும் என் மேசையில் ஆதாரம் இருந்தது. எடைச்சீட்டுகள். வயல் வாரியாக எத்தனை டன் வந்தது என்று என் கையெழுத்தில். மூன்று பேர் வெட்டும் வயல் அது. மற்ற இருவர் கணக்கில் ஏறியதாகச் சொல்லும் டன்னை இரண்டு பேர் அந்த நாட்களில் வெட்ட முடியுமா என்று கேட்டிருந்தால் எனக்கே விடை தெரிந்திருக்கும். ஒரு மாதமாக அந்தச் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டது நான்தான்.

16 ஏப்ரல்

பக்கத்து வீட்டு அம்மாவிடம், அதாவது பெண்ணின் அம்மாவிடம், இதைச் சொன்னேன். அவரும் தோட்டத்தில்தான் வேலை செய்கிறார், தெரிந்த ஆட்கள் இருப்பார்கள். தன் மகளுக்கு நடந்ததை நினைத்து இரங்குவார் என்று எதிர்பார்த்தேன். "அவனுங்க வந்துதான் நம்ம பிள்ளைங்களுக்கு வேலை இல்லாம போச்சு" என்றார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தனக்கு வந்தபிறகும் அடுத்தவர் தலை தெரிவதில்லை.

கடுமையாக எழுதிவிட்டேன். அவர் சொல்வதில் ஒரு கணக்கும் இருக்கிறது, அந்தக் கணக்கை எழுதியவர்கள் வங்காளதேசத்துக்காரர்கள் இல்லை என்பதுதான் வித்தியாசம். கிளம்பும்போது "சாப்பிட்டானா அவன்?" என்று மட்டும் கேட்டார்.

21 ஏப்ரல், ஞாயிறு

இந்த முறை முதலில் கேட்டேன். தொழிலாளர் விடுதிக்குப் போய், உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு, "குழுவில் உதவி கேட்கப்போகிறேன், என்ன எழுதட்டும்? பங்ளா என்று எழுதட்டுமா?" என்றேன்.

யோசித்தார். ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். நாள்வாரியாக வங்காள எண்களில் குலைக் கணக்கு, ஒவ்வொரு வரியும் நேராக. எங்கள் ஆலையில் யாரும் அவ்வளவு சுத்தமாகக் கணக்கு எழுதுவதில்லை, நான் உட்பட. "நாட்டை எழுதாதே. மண்டோர் பேரை எழுது" என்றார். "என் நாட்டைச் சொன்னால் எல்லாரும் என் நாட்டைப் பற்றிப் பேசுவார்கள்."

அந்தப் பெண் ஸ்கிரீன்ஷாட் போடச் சொன்னாள். இவர் இனத்தை எடுக்கச் சொல்கிறார். கேள்வி கேட்டவரே, உங்கள் விதியும் உடைந்தது, என் விதியும் உடைந்தது.

மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அண்ணன்கிட்ட நானே சொல்றேன், நீங்க போன் பண்ணாதீங்க" என்றாள்.

23 ஏப்ரல்

விவரம் கேட்டவர்களுக்கு. சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும், 1955 வேலை நியமனச் சட்டம். வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் அதே சட்டம்தான். குறைந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம், வக்கீல் வேண்டியதில்லை. பாரத்தில் எழுத ஆள் வேண்டும், வங்காள எண்களை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும். ஒட்டுக்கடையில் அன்று "ஆமாம், எனக்கு நடந்திருக்கிறது" என்று சொன்ன ஒருவர் இருந்தாரே, அவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் கதையை இன்னும் கேட்கவில்லை. வண்டியில் போகும்போது சொன்னால் சொல்லட்டும்.

24 ஏப்ரல், இரவு

இரண்டு குழுவிலும் ஒரே செய்தி போட்டேன்: "குலை வெட்டும் தொழிலாளி. ஒரு மாதக் கணக்கில் குலைகள் குறைத்துப் பதியப்பட்டிருக்கின்றன. நோட்டும் எடைச்சீட்டும் இருக்கின்றன. நாளை வியாழன், ஈப்போ தொழிலாளர் இலாகா. வங்காளம் வாசிக்கத் தெரிந்தவர் வேண்டும்." மண்டோர் பெயரைக் குழுவில் போடவில்லை, பாரத்தில் எழுதுவோம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் பரவாயில்லை என்றார், முழு மனசோடு இல்லை.

இதுவரை பதில்: முன்னாள் மாணவர் குழுவில் "எந்த நாட்டுக்காரன்?" என்று நான்கு பேர். தாமான் குழுவில் சிக்கு, பள்ளிவாசலில் வங்காளம் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், விடியற்காலைத் தொழுகையில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறார். லாரி டிரைவர் ஒரே சொல்: "எத்தனை மணிக்கு?"

காலை ஏழரை, ஆலை வாசல். என் வண்டியில் இன்னும் ஓர் இடம் இருக்கிறது.